மிதித்தால் போகிறது, விட்டால் வருவதில்லை: பழைய ரோசாவின் அக்சிலேட்டர் கேபிள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர், 14 மே 2023, காலை 10.20

அண்ணை, எங்கட மிட்சுபிஷி ரோசா சின்ன பஸ் 1991ஆம் ஆண்டு வண்டி, 4டி31 டீசல் எஞ்சின். ஸ்கூல் சேவைக்கு ஓடுது. இரண்டு கிழமையா, அக்சிலேட்டரில இருந்து காலை எடுத்தாலும் எஞ்சின் இறங்குதில்லை. பெடலுக்குக் கீழ பாதத்தைக் கொடுத்து மேல தட்டினா டக்கெண்டு இறங்குது. எல்லாத் தரமும் இல்லை, சில தரம். எங்கட மெக்கானிக் பாஸ் "பொட்டக் தெல் தாலா பலமு" எண்டு எண்ணெய் விட்டுப் பார்த்தார். மூண்டு நாள் நல்லா இருந்தது, திரும்பத் தொடங்கிட்டுது. கேபிள்தான் பிழை, எழுதி வச்சுக்கொள்ளுங்கோ. பஞ்சிகாவத்தை வாகனச் சாமான் கடைத்தெருவில எந்தப் பக்கம் வாங்கலாம், ஜப்பான் சாமானோ சைனா சாமானோ எண்டு மட்டும் சொல்லுங்கோ.

14 மே, பகல் 1.05

கடை பிறகு. முதலில் நாளைக்கு அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம் தம்பி. பக்கத்து வான்காரருக்கு ஒரு நாள் காசைக் கொடுத்து அனுப்புங்கள். பாதத்தைக் கீழே கொடுத்துத் தட்டுகிற வித்தை காலி வீதியில் ஒன்பது தரம் சரிவரும். பத்தாம் தரம் முன்னால் ஒரு ஆட்டோ நிற்கும்.

அடுத்தது, சிரிக்க வேண்டாம், பெடலுக்குக் கீழே கிடக்கிற ரப்பர் விரிப்பைத் தூக்கி வெளியில் போடுங்கள். மழை நாளில் அதன் மேல் இன்னொரு சாக்கு, அதன் மேல் பழைய பேப்பர் என்று அடுக்குகிற ஆட்களை எனக்குத் தெரியும். நானே ஒருவன்.

14 மே, இரவு 9.40

ஓட்டத்தில் ஒட்டிவிட்டால் என்ன செய்வது என்று எழுதாமல் விட்டுவிட்டேன்.

பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் அலறும், அலறட்டும். டீசல் பம்புக்குள் இருக்கிற கவர்னர் அதை உச்ச வேகத்துக்கு மேல் போக விடாது. ஓரத்தில் நிறுத்திய பிறகு சாவியைத் திருப்புங்கள்.

பதறிப்போய் ஓட்டத்தில் சாவியைக் கடைசி வரை திருப்பி உருவ வேண்டாம், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்கைப் பம்ப் பண்ணவும் வேண்டாம். டீசல் எஞ்சினில் பெற்றோல் வண்டி மாதிரி இன்டேக் பக்கம் வெற்றிடம் உண்டாவதில்லை. ஒல்டனேட்டருக்குப் பின்னால் இருக்கிற சின்ன வெக்யூம் பம்ப்தான், காலுக்குப் பலம் கூட்டுகிற பிரேக் பூஸ்டருக்குச் சாப்பாடு போடுகிறது. எஞ்சின் நின்றால் தாங்கியில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான். அதன் பிறகு பெடல் கல்லு மாதிரி.

15 மே, காலை 6.30

இனி விஷயம். "கேபிள்தான் பிழை" என்கிறீர்கள். கேபிள் என்பது நடுவில் இருக்கிற ஆள். அதற்கு மேலே பெடல், கீழே டீசல் பம்பின் லீவர். மூன்றில் எது ஒட்டினாலும் காலுக்குத் தெரிவது ஒன்றுதான். அதனால் பஞ்சிகாவத்தைக்கு பஸ் ஏறுவதற்கு முன் மூன்றையும் பிரியுங்கள்.

எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, டிரைவருக்குப் பக்கத்துப் பெட்டியின் மூடியைத் திறவுங்கள். பம்பில் கேபிள் வந்து முடிகிற லீவர் தெரியும். கழற்ற முதல் போனால் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த ஓட்டை, எந்தப் பக்கம், ஸ்ப்ரிங் எந்தக் கொளுக்கியில் என்பதெல்லாம் அரை மணித்தியாலத்தில் மறந்துபோகும். கேபிள் முனையை லீவரிலிருந்து கழற்றுங்கள்.

லீவரை விரலால் இழுத்து விடுங்கள். டக்கென்று போய்த் தன் ஆணியில் அடிக்க வேண்டும். மெதுவாக ஊர்ந்து போனால் நோய் அங்கேதான்: ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும், அல்லது லீவரின் அச்சில் டீசலும் தூசும் சேர்ந்து கறுப்பு அல்வா மாதிரி படிந்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்து, மேலே பெடல் பக்கத்து முனையையும் கழற்றிவிட்டு, பெடலை மட்டும் கையால் ஆட்டுங்கள். அது மடிகிற இடத்தில் ஒரு பின் இருக்கிறது. மழைத் தண்ணீர் சப்பாத்தோடு வந்து வடிகிற இடம் அது. என்னுடைய ரோசாவில் கறள் பிடித்து, பெடல் தானாகவே நடுவழியில் நின்றது. பின்னைத் தட்டிக் கழற்றி, எமறித் தாளால் தேய்த்து, கிறீஸ் வைத்தேன். ஒரு சதம் செலவில்லை.

மிஞ்சுவது கேபிள். ஒரு முனையை இரண்டு விரலால் பிடித்து இழுத்து, மற்ற முனையால் திரும்ப இழுத்துப் பாருங்கள். மணல் உரசுகிற மாதிரி இருந்தால் உள்ளே கறள். ஒரு இடத்தில் மட்டும் தடக்கினால் கம்பி இழை அறுந்திருக்கும்.

15 மே, பகல் 12.15

வத்தளையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: கால் மிதிக்கும்போது லேசாகத்தானே போகிறது, பிறகு எப்படிக் கேபிள் இறுக்கம் என்கிறீர்கள் என்று.

நல்ல கேள்வி. மிதிப்பது உங்கள் கால். திரும்ப இழுப்பது பென்சில் பருமன் ஸ்ப்ரிங். உங்கள் காலுக்குத் தெரியாத இறுக்கம் அந்த ஸ்ப்ரிங்குக்கு மலை. கால் வென்றுவிடும், ஸ்ப்ரிங் தோற்றுவிடும். அதனால்தான் சப்பாத்துக் காலால் பரிசோதிக்காமல் விரலால் இழுக்கச் சொன்னேன்.

இதனால்தான் சைக்கிள் ஸ்ப்ரிங் ஒன்றை மேலதிகமாகக் கொளுவிவிட்டு "சரி மாத்தயா" என்கிற வேலையும் எனக்குப் பிடிப்பதில்லை. கொஞ்ச நாள் ஸ்ப்ரிங் வெல்லும். உள்ளே கறள் வளர்ந்துகொண்டே இருக்கும். போதாததுக்கு உங்கள் முழங்காலும் நோகும்.

17 மே, இரவு 10.50

என் கதையைக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன்.

நான் இருப்பது முகத்துவாரத்தில். கடல் காற்று. வீட்டுக் கேற் வருடத்துக்கு ஒரு பெயின்ற் கேட்கும் இடம். 2022 டீசல் தட்டுப்பாட்டில் வண்டி கிழமைக்கணக்கில் அசையாமல் நின்றது. வரிசையில் நின்ற நாட்களில் மட்டும் இரண்டடி இரண்டடியாக உருளும். டீசலைப் பங்கிட்டுத் தருகிற கியூஆர் முறை வந்து, பள்ளிக்கூடங்களும் ஒழுங்காகத் தொடங்கிய பிறகு, மறுபடி ஓட்டத்தில் விட்டேன்.

வத்தளைப் பக்கம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புதிய களனிப் பாலத்தில் ஏறி, இங்குருக்கடைச் சந்திப் பக்கம் இறங்கி, கொட்டாஞ்சேனைக்கு வருவது என் வழி. ஒரு நாள் காலை பாலம் ஏறும்போது நன்றாக மிதித்தேன். உச்சியில் காலை எடுத்தேன். வண்டி எடுக்கவில்லை. இறக்கத்தில் எஞ்சின் தள்ளிக்கொண்டே போகிறது. கீழே சிவப்பு விளக்கும் கொள்கலன் லொறியின் பின்பக்கமும் தெரிகின்றன. நியூட்ரலுக்குத் தள்ளினேன். அந்த அலறலைக் கேட்டுப் பின்னால் இருந்த ஒரு சின்னது, "அங்கிள், பிளேனா?" என்று கேட்டது. எனக்கு நாக்கு ஒட்டிப்போய்விட்டது. பெடலுக்குக் கீழே காலைக் கொடுத்துத் தட்டினேன், இறங்கியது.

அன்றைக்கே பஞ்சிகாவத்தை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய நாளிலிருந்து பழைய வண்டிகளுக்கு ஒரே மவுசாக இருந்தது, பழைய சாமானுக்கும்தான். முதல் கடையில், வெட்டிய பழைய வண்டி ஒன்றின் முன்பாதியிலிருந்து கழற்றிய கேபிள் ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பழையதோடு சேர்த்துப் பிடித்தால் ஒரு சாண் குட்டை. மாற்றித் தரமாட்டோம் என்றார்கள். இரண்டாவது கடையில் புதியது, கவரோடு. அதைப் போட்டேன். ஒன்பது மாதமாகப் பிரச்சினை இல்லை.

ஆக, என் அனுபவத்தில் தம்பி சொன்னது சரியாகவும் இருக்கலாம். வாங்குவதென்றால் பழைய கேபிளைக் கையோடு கொண்டுபோங்கள். உறையின் நீளம் ஒன்று, உள்கம்பியின் நீளம் இன்னொன்று, இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

18 மே, காலை 7.10

தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கேட்டவருக்கு: விடலாம். தாளித்துக் கறிவேப்பிலையும் போடலாம். கொஞ்ச நாளில் பிசின் மாதிரி இறுகிப் பழைய இறுக்கமே சொர்க்கம் என்று ஆகிவிடும்.

டபிள்யூடி-40 என்ற நீல டின்னைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது 1953இல் அமெரிக்காவில், தண்ணீரை விலக்கிக் கறள் பிடிக்காமல் காப்பதற்காக உண்டாக்கிய சாமான். நாற்பதாவது தரம்தான் கலவை சரிவந்தது, பெயரில் உள்ள 40 அதுதான். கறளை இளக்கிக் கழுவ அருமை. ஆனால் அதை மட்டும் அடித்துவிட்டு எண்ணெய் போட்டதாக நினைக்க வேண்டாம். உங்கள் பாஸ் விட்டது அதுவாக இருந்தால் மூன்று நாள் கணக்குச் சரியாகவே வருகிறது.

21 மே, மாலை 5.30

எண்ணெய் விடுகிற முறையைக் கேட்டு நாலு பேர் எழுதிவிட்டீர்கள். முன்பு நான் வேறோர் இடத்தில் "கிறீஸை அடைத்துவிடுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். அது பிழை. வாபஸ்.

கேபிளில் இரண்டு சாதி. பழையதில் உறைக்குள் வெறும் இரும்புச் சுருள், அதற்குள் கம்பி. புதியதில் சுருளுக்குள் வெள்ளை நைலோன் குழாய் ஒன்று இருக்கும், கம்பி அதற்குள் ஓடும். முனையை உற்றுப் பார்த்தால் வெள்ளை வட்டம் தெரியும். நைலோன் உள்ளதற்குக் கிறீஸ் வைத்தால் நம்முடைய தூசியையும் சேர்த்துப் பிசைந்து சாந்தாக்கிவிடும். அதைக் கழுவிக் காயவிட்டு அப்படியே ஓட்டலாம், மிஞ்சினால் சிலிக்கோன் ஸ்ப்ரே கொஞ்சம். வெறும் இரும்புச் சுருள் என்றால் மெல்லிய எண்ணெய், தையல் மெஷினுக்கு விடுகிறதே, அதே எண்ணெய்.

வழி: கேபிளை முழுதாகக் கழற்றுங்கள். மேல்முனையில் பொலித்தீன் பையின் மூலை ஒன்றைக் கூம்பாக வெட்டி இறுக்கிக் கட்டுங்கள். முதலில் மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பியை மேலும் கீழும் ஆட்டி, கீழே தேத்தண்ணி நிறத்தில் வருவது வெளிறும்வரை கழுவுங்கள். ஒரு நாள் காயட்டும். பிறகு அதே கூம்பில் எண்ணெய் ஊற்றி, யன்னல் கம்பியில் இரவு முழுக்கத் தொங்கவிட்டு, கீழே ஒரு டின் வையுங்கள். டின்னை வைக்க மறந்து சிமெந்துத் தரையில் நான் உண்டாக்கிய வட்டம் இன்னும் இருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் அதன் மேல் பூச்சட்டி.

21 மே, மாலை 5.45

மேலே எழுதியதைக் கவரோடு வந்த என் புதிய கேபிளுக்கு நான் செய்யவில்லை. நேரே போட்டேன். அது எந்தச் சாதி என்றும் பார்க்கவில்லை. ஊருக்கு உபதேசம்.

28 மே, காலை 9.00

வெள்ளவத்தைத் தம்பி மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். பம்ப் லீவர் டக்கென்று போகிறது. பெடல் சுகம். கேபிள் வண்டியில் இருக்கும்போது இழுத்தால் இறுக்கம். ஆனால் கழற்றி முற்றத்தில் நேராகப் போட்டு இழுத்தால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறதாம். "இப்ப என்ன செய்யிறது? கேபிள் நல்லமோ பிழையோ?"

இந்தக் கேள்வியை நான் 15ஆந் திகதியே எழுதியிருக்க வேண்டும். வண்டியில் இறுக்கம், தரையில் இளக்கம் என்றால் பிழை கேபிளில் இல்லை, அது போகிற வழியில். தரையில் போட்டு அதே வளைவுகளைக் கையால் வளைத்துப் பிடித்து இழுத்துப் பாருங்கள் தம்பி, பழைய இறுக்கம் திரும்பி வரும்.

மொரட்டுவையில் எஞ்சினியரிங் படிக்கிற மருமகன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் சொன்னேன். துறைமுகத்தில் கப்பல் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு ஆள் கப்பலையே பிடித்து வைக்கிறானே, அதே கணக்குத்தான் மாமா என்றான். சுற்று கூடக் கூட உராய்வு கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். உராய்வு எண் 0.15 என்று வைத்துப் போட்டுக் காட்டினான். கேபிளின் வளைவுகளை எல்லாம் கூட்டினால் அரைச் சுற்று வருகிறது என்றால், அந்தப் பக்கம் ஒரு கிலோ இழுக்க இந்தப் பக்கம் 1.6 கிலோ வேண்டும். முழுச் சுற்று என்றால் இரண்டரைக் கிலோவுக்கு மேல். இடையில் எங்கே வளைகிறது என்பது பிரச்சினை இல்லை, மொத்தம் எவ்வளவு என்பதுதான். ஸ்ப்ரிங் பாவம், அது படிக்காத ஆள், ஒரே பலத்தில்தான் இழுக்கும்.

கேபிளைப் பிடித்து வைக்கிற கிளிப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள்.

29 மே, இரவு 8.20

படம் பார்த்தேன். ஒரு கிளிப் இல்லை. அந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருக்கிறது. கேபிள் தொய்ந்துபோய் எக்சோஸ்ற் குழாயில் சாய்ந்து, உறை கறுத்து, பொரித்த அப்பளம் மாதிரி குமிழி குமிழியாக எழும்பியிருக்கிறது. உள்ளே நைலோன் உள்ள கேபிள் என்றால் அதுவும் உருகிக் கம்பியைக் கவ்வியிருக்கும். சூடாக இருக்கும்போது இளகி ஒட்டும், ஆறினால் விட்டுவிடும். காலையில் நல்லாய் இருக்கிறது, பள்ளிக்கூடம் விட்டு வரும்போதுதான் ஒட்டுகிறது என்று நீங்கள் நேற்றுத்தான் சொல்கிறீர்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு அரைவாசி எழுத்து மிச்சம். தரையில் போட்டபோது அது ஆறிப்போய் இருந்தது. ஆகவே நேற்று நான் கேபிள் நல்லது என்று அடித்துச் சொன்னது பாதிப் பிழை. மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் கிளிப்பைப் போடாமல் கேபிளை மட்டும் மாற்றினால் அடுத்த அப்பளம் பொரியத் தொடங்கும்.

கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டாம். கம்பி உறையை நசுக்கும். ரப்பர் துண்டு ஒன்றைச் சுற்றி அதன் மேல் கிளிப். பழைய டியூப்பில் வெட்டிய துண்டு போதும்.

4 யூன், பகல் 3.00

ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை, அதனால் இது.

என் பெரியப்பா இ.போ.ச.வில், இலங்கைப் போக்குவரத்துச் சபையில், ஃபிட்டர். வேரஹர வேலைத்தளத்தில் இருந்தவர். 1958 ஜனவரி முதலாந் திகதி எல்லா பஸ் கம்பனிகளையும் அரசாங்கம் எடுத்தபோது, ஒவ்வொரு கம்பனியிடமிருந்தும் ஒவ்வொரு விதமான வண்டி வந்து சேர்ந்ததாம். லண்டனில் ஓடி முடித்த இரட்டைத்தட்டு பஸ்களும் பிறகு வந்தன. லேலண்ட் என்றால் அவருக்குச் சாமி மாதிரி. அதில் அக்சிலேட்டருக்குக் கேபிளே கிடையாது என்பார், பெடலிலிருந்து பம்ப் வரை இரும்புத் தண்டுகள், மூட்டுக்கு மூட்டு உருண்டைக் குமிழ். "கேபிள் சைக்கிள் பிரேக்குக்குடா, பஸ்ஸுக்கா?" என்பார். தண்டுக்குத் தேய்மானம் வரும், கடகடக்கும், ஆனால் கவ்விக்கொள்ளாது. மூட்டில் சொட்டு எண்ணெய், அவ்வளவுதான்.

அவர் என் ரோசாவைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இந்தக் குறிப்புகளை நான் எழுத வேண்டி வந்திராது, அரை மணித்தியாலத்தில் திட்டிக்கொண்டே செய்து முடித்திருப்பார்.

11 யூன், காலை 11.30

தெஹிவளையிலிருந்து ஒருவர், வீட்டில் அப்பா காலத்து வொக்ஸ்வாகன் கொம்பி இருக்கிறது, அதற்கும் இதே நோய், அதுவும் பஸ்தானே என்கிறார். ஜெர்மன்காரன் அதை பஸ் என்றுதான் சொல்கிறான், ஒத்துக்கொள்கிறேன்.

அதில் எஞ்சின் பின்னால். பெடல் முன்னால். கேபிள் மூன்றரை மீற்றருக்குக் கிட்ட, வண்டியின் வயிற்றுக்கடியில் ஒரு இரும்புக் குழாய்க்குள்ளாகப் போய், எஞ்சினின் காற்றாடி மூடியைத் துளைத்துக்கொண்டு காபுரேட்டருக்கு வருகிறது. குழாய் முடிகிற இடத்தில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அது கிழிந்தால் சில்லு அடிக்கிற சேறு முழுக்க உள்ளே. ரப்பரைப் பார்க்காமல் கேபிளை மாற்றுவது ஓட்டைக் கூரைக்குக் கீழே பாய் மாற்றுகிற மாதிரி. புதுக்கேபிளை உள்ளே தள்ளும்போது முழு நீளத்துக்கும் கிறீஸ் பூசித் தள்ளுங்கள். அங்கே நைலோன் இல்லை, இரும்புக் குழாய், ஆகவே நான் 21ஆந் திகதி கிறீஸைத் திட்டியதை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முனையை இறுக்கும்போது பெடலைத் தரையோடு ஒருவர் அமுக்கிப் பிடிக்கட்டும். காபுரேட்டர் லீவருக்கும் அதன் கடைசித் தடைக்கும் நடுவே 1 மில்லிமீற்றர் மிச்சம் விட்டு இறுக்குங்கள். மிச்சம் விடாவிட்டால் ஒவ்வொரு மிதியும் கேபிளைத்தான் இழுத்து அறுக்கும்.

கேபிளெல்லாம் சரி, ஆனாலும் எஞ்சின் இறங்கவில்லை என்றால் சோக்கின் படிச்சில்லைப் பாருங்கள், குளிர்ந்த எஞ்சினை வேகமாக ஓடவைக்க லீவரைத் தாங்கிப் பிடிக்கிற படிவெட்டிய சில்லு அது. எஞ்சின் சூடான பிறகும் அது விலகாமல் லீவரைத் தாங்கிக்கொண்டிருந்தால் கேபிள் ஒட்டுகிற மாதிரியே இருக்கும். டீசல்காரருக்கு அந்தத் தலையிடி இல்லை.

24 யூன், மாலை 6.00

கொம்பிக்கு எழுதியதைப் படித்துவிட்டு என் வண்டியைத் திறந்து பார்த்தேன். பெடலைத் தரையோடு அமுக்கினாலும் பம்ப் லீவர் கடைசித் தடைக்கு ஒரு விரல் அகலம் முன்பே நிற்கிறது. கேபிள் தொய்வு. ஒன்பது மாதமாக அப்படித்தான் ஓடியிருக்கிறது! பாலம் ஏறும்போது மூச்சு வாங்குவதை நான் டீசலின் தரம் என்று ஊரெல்லாம் திட்டிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு நட்டையும் தளர்த்தி உறையை இழுத்து இறுக்கிவிட்டேன். காலை எடுத்த நிலையில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தொய்வு, தரையோடு மிதித்தால் லீவர் தடையைத் தொடுகிறது. பம்பில் ஈயம் வைத்துக் கம்பி போட்டு முத்திரையிட்ட ஆணி ஒன்று இருக்கும். அதில் கை வைக்க வேண்டாம், அது உச்ச வேகத்துக்குரியது.

வண்டி இப்போது இளந்தாரி.

2 யூலை, இரவு 11.15

இளந்தாரி வெள்ளிக்கிழமை பாலத்தில் மறுபடி ஒட்டிவிட்டான். அதே ஏற்றம், அதே உச்சி, கீழே அதே சிவப்பு விளக்கு. நல்ல காலம், பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு இரண்டாம் நடை.

இன்று காலை முதல் மத்தியானம் வரை அதற்குள்தான் தலை. கேபிளைக் கழற்றினேன், நான் உங்களுக்கு எழுதினபடியே. லீவரை விரலால் இழுத்து விட்டேன், டக். இன்னொரு தரம், டக். எல்லாம் சுகம். மூடிவிட்டு எழும்பப்போனேன். பிறகு யோசித்தேன்: நான் அரைத் தூரம்தானே இழுக்கிறேன். பாலத்தில் தரையோடல்லவா மிதிக்கிறேன்? லீவரைக் கடைசி வரை இழுத்து விட்டேன். போகவில்லை. அங்கேயே நின்றது, என்னைப் பார்த்துக்கொண்டு.

ரோச் லைட்டை வாயில் கடித்துக்கொண்டு பார்த்தால், என் வண்டியில் லீவருக்கு இரண்டு கேபிள். ஒன்று பெடலிலிருந்து. மற்றது டாஷ்போர்டில் இருக்கிற கை அக்சிலேட்டர் குமிழிலிருந்து. குளிரில் ஐட்லிங்கை, அதாவது மிதிக்காமல் எஞ்சின் ஓடுகிற வேகத்தை, ஏற்றுவதற்கு வைத்தது, கொழும்பில் அதற்கு என்ன வேலை? வாங்கின நாளிலிருந்து தொட்டதில்லை. அந்தக் கம்பியின் முனை லீவரோடு சேர்ந்த நீளத் துவாரத்துக்குள் சும்மா வழுக்கிப் போய்வர வேண்டும். அதில் ஒரே ஒரு இழை, தலைமயிர் பருமன், அறுந்து கொக்கி மாதிரி வெளியே வளைந்திருக்கிறது. லீவர் முக்கால் தூரம் வரை போய் வந்தால் ஒன்றுமில்லை. கடைசிக் கால்வாசிக்குப் போனால் அந்தக் கொக்கி துவாரத்தின் விளிம்பில் மாட்டிக்கொள்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன், இரத்தம். அப்படித்தான் இடத்தையே கண்டுபிடித்தேன்.

இப்போது கணக்குப் போடுங்கள். போன வருஷம் பாலத்தில் ஒட்டியது இதுதான். முதல் கேபிள் குட்டை. இரண்டாவதைத் தொய்வாகப் போட்டேன், லீவர் கடைசிக் கால்வாசிக்குப் போகவே இல்லை, ஆகவே மாட்டவில்லை. நான் புதுக்கேபிள் குணமாக்கியது என்று ஒன்பது மாதம் நம்பினேன், 17ஆந் திகதி உங்களுக்கும் எழுதினேன். 24ஆந் திகதி ஒழுங்காக இறுக்கினேன், நோய் திரும்பி வந்தது. கழற்றிய பழைய கேபிளை இப்போது எடுத்து இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய்.

கை அக்சிலேட்டர் கேபிளை முழுதாகக் கழற்றி வெளியில் எடுத்துவிட்டேன். குமிழ் மட்டும் டாஷ்போர்டில் அழகுக்கு இருக்கிறது.

2 யூலை, இரவு 11.30

ஆகவே 15 மே குறிப்பில் ஒரு திருத்தம். "லீவரை விரலால் இழுத்து விடுங்கள்" என்பதைக் "கடைசித் தடை தொடும்வரை இழுத்து விடுங்கள், பத்துத் தரம்" என்று வாசிக்கவும். ஏசி உள்ள வண்டி என்றால், ஏசி போடும்போது ஐட்லிங்கை ஏற்றுகிற சின்னப் பொறியும் அதே லீவரைத் தொடும். அதையும் பாருங்கள். லீவரைத் தொடுகிற எல்லாவற்றையும் எண்ணுங்கள், கேபிள் ஒன்றுதான் என்று நினைக்காமல்.

5 யூலை, காலை 6.40

"அண்ணை, உங்களுக்கே ஒன்பது மாசம் எண்டா எங்களுக்கு?" என்று கேட்ட வெள்ளவத்தைத் தம்பிக்கு: நீங்கள் எழுதி ஏழு கிழமைதான் ஆகியிருக்கிறது, அவசரப்பட வேண்டாம்.

9 யூலை, பகல் 2.10

தம்பியின் வண்டி சரி. புதுக்கேபிள், இரண்டு கிளிப், ரப்பர், எக்சோஸ்ற் பக்கம் ஒரு தகட்டு மறைப்பு. வளைவையும் குறைத்திருக்கிறார். பெரிய வட்டமாக ஒரே வளைவு, முன்பு பாம்பு மாதிரி மூன்று. பள்ளிக்கூடம் விட்டு, சூடான எஞ்சினோடு, பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை நெரிசலில் ஐந்து நாள் ஓட்டிப் பார்த்தாராம். ஒட்டவில்லை. தன்னுடைய பாஸுக்கும் படத்தைக் காட்டினாராம். "மம கிவ்வனே" என்றாராம் அவர், தான் அப்போதே சொன்னதாக. எண்ணெய்ப் போத்தலோடு வந்த மனிதர்!

குமிழைப் பற்றியும் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவருடைய வண்டியில் அந்தக் குமிழே இல்லை, யாரோ முன்பே கழற்றியிருக்கிறார்கள். அந்த ஓட்டையில் பிள்ளையார் ஸ்டிக்கர்.

9 யூலை, பகல் 2.25

முதல் கடையில் வாங்கிய குட்டைக் கேபிள் இன்னும் என்னிடம் இருக்கிறது. உறை நல்லது, முனை நல்லது, என் வண்டிக்கு ஒரு சாண் குறைவு, அவ்வளவுதான். யாருடைய வண்டிக்காவது அளவு சரிவந்தால் முகத்துவாரத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். பழைய கேபிளைக் கையோடு கொண்டு வாருங்கள்.